போர்ச்சுக்கல் வெயிலும் ஒல்லாந்துப் பனியும்

மட்டாஞ்சேரி அரண்மனையை நாம் எல்லோரும் ‘டச்சு அரண்மனை’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஊரிலிருந்து வரும் உறவினரை அழைத்துச் சென்று காட்டும்போதும் அப்பெயரையே சொல்லுகிறோம். ஆனால் அதைக் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்தவர் போர்ச்சுக்கீசியர். ஆண்டு 1555 என்பர். 1663க்குப் பின் டச்சுக்காரர் அதைப் பழுதுபார்த்தனர். அத்துடன் பெயரும் அவர்களுடையதாயிற்று. கோட்டைக் கொச்சியிலுள்ள தூய பிரான்சிசு தேவாலயத்தின் கதையும் இத்தகையதே. போர்ச்சுக்கீசியர் முதலில் மரத்தாலும் பின்னர்க் கல்லாலும் எழுப்பிய அக்கோயில், டச்சுக்காரர் காலத்தில் அவர்களுடைய சீர்திருத்தச் சபைக்கு உரியதாயிற்று. உள்ளே சென்றால் ஒரு சுவரில் போர்ச்சுக்கீசியரின் கல்லறைக் கற்களும் எதிர்ச்சுவரில் டச்சுக்காரரின் கல்லறைக் கற்களும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்பதைக் காணலாம்.

இவ்விரு கூட்டத்தாரையும் ‘ஐரோப்பியர்’ என்று ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். எனினும் அவர்கள் பிறந்த நாடுகள் இரண்டும் வெயிலாலும் மழையாலும், மண்ணாலும் நீராலும் ஒன்றற்கொன்று நேர்மாறானவை. அந்த மாறுபாடு நம் கொச்சித் துறையின் வரலாற்றுக்குள் வந்து புகுந்த கதையைச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. ஆகவே ஒரு மக்களைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் அவர்தம் நிலத்தையும் பருவத்தையும் கேட்டறிவது தமிழருக்குப் புதிய வழக்கம் அன்று.

முதலில் போர்ச்சுக்கலைப் பார்ப்போம். ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின் நாட்டை முதுகில் சுமந்து, அட்லாண்டிக் மாகடலை நோக்கி முகம் வைத்திருக்கும் நாடு அது. பரப்பு ஏறத்தாழ 92,000 சதுர கிலோமீட்டர். நம் கேரளத்தைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மிகுதி. வடக்கிலும் நடுவிலும் மலைகள் நிறைந்தது. ஐரோப்பியப் பெருநிலத்தில் உள்ள அதன் பகுதியில் எஸ்ட்ரேலா மலையே மிக உயரமானது, 1,993 மீட்டர். தேஜோ, தோரோ முதலிய பேராறுகள் ஸ்பெயினிலிருந்து இறங்கி மேற்கே கடலில் கலக்கின்றன. தேஜோ ஆற்றின் வாயில் லிஸ்பன் நகரம் இருக்கிறது. கோடையில் அங்கே வானம் வெளுத்துக் கிடக்கும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மழை இல்லையென்றே சொல்லலாம். அக்டோபரில் தொடங்கி வசந்தம்வரை மழைக்காலம். நம் தூத்துக்குடிச் சீமையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கும் கோடை வறண்டது. ஐப்பசி பிறந்தால்தான் மழை. குளிரில்தான் வேறுபாடு உண்டு. லிஸ்பனில் ஜனவரி மாதத்துச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 11 பாகை சென்டிகிரேடு. உறைபனி அருமையாகவே காணப்படும். திராட்சை, ஒலிவம், தக்கை தரும் ஓக் மரம் ஆகியவை அந்நாட்டின் செல்வங்கள். கோதுமைக்கு ஏற்ற நிலம் குறைவாதலின் தானியத்தைப் பிற நாடுகளிலிருந்து தருவித்துக் கொள்ளும் நிலை பலகாலம் இருந்தது. மக்கள்தொகையும் சிறியது, 1500ஆம் ஆண்டளவில் ஏறத்தாழப் பத்து இலட்சம்.

ஒல்லாந்து என்று நாம் வழங்கும் நெதர்லாந்து நாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ரைன், மியூஸ், ஷெல்ட் ஆகிய மூன்று ஆறுகள் வடகடலில் கலக்குமிடத்தில் கொண்டுவந்து குவித்த வண்டலே அந்நாடு. பரப்பு 41,500 சதுர கிலோமீட்டர் அளவு. கேரளத்தைவிடச் சிறிதே பெரியது. ஐரோப்பாவில் அதற்குரிய நிலத்தின் மிக உயர்ந்த இடம் 322 மீட்டர்தான். மிகத் தாழ்ந்த இடமோ கடல்மட்டத்துக்குக் கீழே 6.76 மீட்டர்! மொத்த நிலத்தில் நான்கில் ஒரு பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. மழை ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகப் பெய்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். மழை இல்லாத மாதம் என்று ஒன்றும் இல்லை. கோடையிலும் வெப்பம் சராசரி 18 பாகையைத் தாண்டுவதில்லை. கடுங்குளிர் ஆண்டுகளில் ஆறும் கால்வாயும் உறைந்துபோகும்.

இத்தகைய நிலத்தில் குடியிருப்பவன் தன் வயலைத் தனியாகக் காத்துக்கொள்ள இயலாது. அண்டை வயல்காரனுடைய கரை உடைந்தால் இவன் வீட்டுக்குள்ளும் கடல் வரும். ஆதலின் 13ஆம் நூற்றாண்டிலேயே அங்கு நீர்க்காப்புச் சபைகள் தோன்றிவிட்டன. நிலமுள்ளோர் ஒவ்வொருவரும் கரையில் தத்தம் பங்கைப் பேணவேண்டும் என்பது விதி. நம் நாட்டுக் குடிமராமத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நம்மவர் நீர் வேண்டும் என்பதற்காகக் கூடினர், அவர்கள் நீர் வேண்டாம் என்பதற்காகக் கூடினர், அவ்வளவே. காற்றாலைகளால் நீரை இறைத்து ஏரியையே வயலாக்கும் வித்தையிலும் அவர்கள் தேர்ந்தனர். 1612ஆம் ஆண்டு பீம்ஸ்டர் என்னும் பெரிய ஏரியை நாற்பதுக்கு மேற்பட்ட காற்றாலைகளால் வற்றவைத்து, ஏறத்தாழ 7,200 ஹெக்டேர் நிலம் பெற்றனர். அதற்கு முதல் போட்ட வணிகருள் முதன்மையானவர் டிர்க் வான் ஓஸ் என்பவர். டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் நிறுவனருள் ஒருவர். கீழ்நாட்டு வாணிகத்தில் கை வைத்தவர்களே அங்கே ஏரியை வயலாக்கவும் பணம் போட்டார்கள் என்பதை மிளகுக் கிடங்குகளின் நடுவில் வாழும் நாம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வறண்ட கோடையுடைய நாடு ஒன்று. ஈரம் உலராத நாடு மற்றொன்று. இவை இரண்டையும் பிணைத்த பொருள் மிளகன்று, உப்பு!

ஒல்லாந்தர் வடகடலில் ஹெர்ரிங் என்னும் மீனைப் பெருந்திரளாகப் பிடித்து, உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்து ஐரோப்பா எங்கும் விற்றுச் செல்வம் சேர்த்தவர்கள். ஆனால் அவர்களுடைய வானத்தின் கீழ்க் கடல்நீரை வெயிலில் காயவைத்து உப்பு எடுப்பது நடவாத செயல். போர்ச்சுக்கலிலோ, லிஸ்பனுக்குத் தெற்கே சேதுபால் என்னும் துறையில், மழையற்ற நெடுங்கோடை மலைமலையாக வெள்ளை உப்பை விளைவித்தது. எனவே டச்சுக் கப்பல்கள் ஆண்டுதோறும் அங்குச் சென்று உப்பு ஏற்றின. அப்படியே லிஸ்பனில் இறங்கிய கீழ்நாட்டு மிளகையும் வாங்கிச் சென்று வடநாடுகளில் விற்றன. மலையாளக் கரைக்கும் தூத்துக்குடிக்கும் உள்ள உறவைப் போன்றதே இது. இங்கே பெய்யும் மழையில் உப்பளம் நிலைப்பது அரிது. கிழக்கிலிருந்து உப்பு வந்தே தீரவேண்டும். சரக்கு இன்ன ஊரிலிருந்து இன்ன ஊருக்கு என்று நாள்தோறும் எழுதும் ரயில்வே எழுத்தனாகிய எனக்கு, பெரிய வரலாறுகளின் அடியில் இத்தகைய எளிய காரணம் கிடப்பதைக் காண்பதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

இவ்வுறவு முறிந்தது எவ்வாறு? 1580ஆம் ஆண்டு போர்ச்சுக்கல் முடி ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப்பின் கைக்குச் சென்றது. ஒல்லாந்தர் அப்போது அதே மன்னனை எதிர்த்துக் கலகம் செய்துகொண்டிருந்தனர். 1585இலும் அதன் பின்னரும் அவன் தன் துறைமுகங்களில் டச்சுக் கப்பல்களைப் பிடித்து நிறுத்தினான். உப்புக்கும் மிளகுக்கும் ஒருங்கே தடை வந்தது. லிஸ்பனில் வாங்கிய மிளகை விளையும் இடத்திலேயே சென்று வாங்குவோம் என்று 1595இல் டச்சுக் கப்பல்கள் கிழக்கே புறப்பட்டன. 1602இல் கும்பினி பிறந்தது. அதற்குத் திரண்ட மூலதனம் ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர்.

போர்ச்சுக்கீசியர் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே இங்கு வந்துவிட்டனர். முகமெல்லாம் மாகடலாகவும் முதுகெல்லாம் அயல்நாடாகவும் இருந்த அவர்களுக்குக் கடலே வழியாயிற்று. அட்லாண்டிக்கின் காற்று எவ்விடத்தில் எத்திசையில் வீசும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றனர். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிச் செல்லாமல், காற்றின் போக்கில் மேற்கே நெடுந்தொலைவு வளைந்து சென்று தெற்கே திரும்புவது அவர்கள் கண்ட உபாயம். அவ்வாறு வளைந்த கப்ரால் 1500 ஏப்ரலில் பிரேசில் கரையைக் கண்டான். அதே பயணத்தில் டிசம்பர் 24ஆம் நாள் கொச்சியில் வந்து இறங்கினான். பிரேசிலும் கொச்சியும் ஒரே பயணத்தில் இணைந்தது உலகுக்குப் பெரிய செய்தி. நம் அடுக்களைக்கும் அது சிறிய செய்தி அன்று. அமெரிக்கக் கண்டத்து மிளகாய், அன்னாசி, பப்பாளி, முந்திரி ஆகியவை இக்கரைக்கு வந்தது அவர்கள் கப்பல்களில்தான். அவர்களுடைய நாட்டு ஒலிவமும் திராட்சையும் நம் மழையில் வேர்கொள்ளவில்லை. வெப்பநாட்டுப் பயிர்களே இங்கு நிலைத்தன.

அட்லாண்டிக் காற்றைக் கரைத்துக் குடித்தவர்களும் நம் கடலின் காற்றுக்கு முன் மாணாக்கராகவே வந்து நின்றனர். வாஸ்கோ ட காமா 1498 ஏப்ரல் இறுதியில் ஆப்பிரிக்காவின் மாலிந்தியிலிருந்து புறப்பட்டபோது, அங்குக் கிடைத்த வழிகாட்டியின் துணையாலும் பருவக்காற்றின் துணையாலும் நான்கு வாரத்துக்குள் மலையாளக் கரையைக் கண்டான். திரும்பும்போது பருவத்துக்குக் காத்திராமல் ஆகஸ்டு இறுதியிலேயே கோழிக்கோட்டை விட்டு நீங்கினான். அக்டோபர் தொடக்கத்தில் அஞ்சுதீவை விட்டுக் கடலில் இறங்கிய கப்பல்கள் 1499 ஜனவரியில்தான் மாலிந்தியை அடைந்தன. போகும்போது நான்கு வாரம் எடுத்த கடல் திரும்பும்போது மூன்று மாதம் எடுத்தது. ஈறு வீங்கும் நோயால் மாலுமிகள் பலர் மாண்டனர். இந்தப் பாடத்துக்குப்பின் அவர்கள் கப்பல்கள் மார்ச்சு, ஏப்ரலில் லிஸ்பனை விட்டுப் புறப்படுவதும், மிளகு ஏற்றிக்கொண்டு டிசம்பர், ஜனவரியில் கொச்சியை விட்டு நீங்குவதும் வழக்கமாயிற்று. லிஸ்பன் அரண்மனையின் கணக்குப் புத்தகம் நம் பருவக்காற்றின் நாள்குறிப்புக்கு அடங்கி நடந்தது என்று சொன்னால் மிகையாகாது.

டச்சுக்காரர் மலையாளக் கரையைக் கைப்பற்றுமுன் கைவைத்தது நம் தமிழ்க் கரையில். பழவேற்காட்டில் தளம் அமைத்து, 1658இல் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பறித்த பின்னரே மலையாளக் கரைக்குத் திரும்பினர். 1661 டிசம்பரில் கொல்லம், 1662 ஜனவரியில் கொடுங்கல்லூர். அதே ஆண்டின் தொடக்கத்தில் கொச்சியை முற்றுகையிட்டும் கோட்டை பணியவில்லை. விலகிச் சென்று, மழைக்காலம் கழிந்தபின் திரும்பி வந்து, 1663 ஜனவரியில் நகரைக் கைப்பற்றினர்.

இதற்கு நடுவே ஐரோப்பாவில் ஒரு வேடிக்கை நடந்தது. 1661 ஆகஸ்டிலேயே இரு நாடுகளும் ஹேக் நகரில் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டுவிட்டன! முறைப்படி உறுதி செய்து அறிவிப்பதில் காலம் கழிந்தது; செய்தி இங்கு வந்து சேருமுன் கொச்சி கைமாறிவிட்டது. ‘சமாதானத்துக்குப்பின் எடுத்த கொச்சியைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று போர்ச்சுக்கல் வழக்காடியது. பிரேசிலில் தாங்கள் இழந்த நிலத்துக்கு ஈடாக ஒப்புக்கொண்ட பெருந்தொகையைக் கொடுங்கள் என்று ஒல்லாந்து எதிர்வழக்காடியது. 1669 ஒப்பந்தப்படி அக்கடனைத் தீர்ப்பதற்குப் போர்ச்சுக்கல் கொடுக்க இசைந்தது எதை? சேதுபால் உப்பை! கொச்சியோ டச்சுக்காரரிடமே தங்கிவிட்டது. நம் ஊரின் தலைவிதி ஒருகாலத்தில் போர்ச்சுக்கல் நாட்டு உப்பளக் கணக்கோடு சேர்த்து எழுதப்பட்டது என்பதை இங்குள்ள எத்தனை பேர் அறிவார்கள்?

இனி, இவ்விருவரும் இங்கு வந்து எப்படி வாழ்ந்தனர் என்பதைப் பார்ப்போம். நம்முள் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து வந்தவர்களுக்கு மட்டாஞ்சேரியில் கழித்த முதல் மழைக்காலம் மறக்காது. ஊரில் ஆனி ஆடியில் புழுதிக்காற்று; இங்கே துவைத்த வேட்டி மூன்று நாளாகியும் உலராது; அரிசிப் பானையின் வாயிலும் ஈரம். கோடையில் ஒரு துளியும் காணாத போர்ச்சுக்கீசியர் ஜூன் மாதத்து மழையைக் கண்டு என்ன நினைத்திருப்பர் என்று எண்ணிப்பாருங்கள். லிஸ்பனில் ஓராண்டு முழுதும் பெய்யும் மழை ஏறத்தாழ இங்கு ஜூன் ஒன்றிலேயே பெய்துவிடுகிறது. ஈரத்துக்குப் பழகிய ஒல்லாந்தருக்கும் இது புதிதுதான். அவர்கள் நாட்டுத் தூறல் வேறு, இது வேறு.

முன்பு சொன்ன அரண்மனையே இதற்குச் சான்று. கட்டியவர் போர்ச்சுக்கீசியர், பழுதுபார்த்தவர் டச்சுக்காரர். ஆயினும் அதன் அமைப்பு லிஸ்பனும் அன்று, ஆம்ஸ்டர்டாமும் அன்று. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் கட்டு, முற்றத்தில் பகவதி கோயில், சரிந்த ஓட்டுக்கூரை: முழுவதும் மலையாள நாலுகெட்டு. மேலைநாட்டுச் சாயல் கமான்களிலும் கனத்த சுவர்களிலும் சிறிது தெரியும். இந்நாட்டு மழைக்கு இந்நாட்டுக் கூரையே தகும் என்பதைத் தச்சர்கள் அவர்களுக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

மருந்திலும் அப்படியே. ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த மருந்துகள் வழியிலேயே வீரியம் இழந்தன. கீழ்நாட்டுச் சரக்கே அங்குச் சென்று சுற்றித் திரும்பி வந்ததும் உண்டு. இதைக் கண்ட டச்சுத் தளபதி வான் ரீடு, இக்கரையின் செடிகொடிகளையே ஆராயத் தலைப்பட்டார். சேர்த்தலைப் பக்கத்துக் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்னும் வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அறிஞர் மூவரும் சொல்லச் சொல்ல உருவானதே ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் பெருநூல். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. எழுநூறுக்கு மேற்பட்ட தாவரங்கள் அதில் உள்ளன. அச்சும் படமும் அவர்களுடையவை, அறிவு இம்மண்ணுடையது.

குட்டநாட்டில் கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளைவதைப் பார்த்து, டச்சுக்காரர் கற்றுக்கொடுத்த வித்தை என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். அது பொருந்தாது. ஆழக் காயலை வரம்பு கட்டி வயலாக்கும் பெரும்பணி 19ஆம் நூற்றாண்டில்தான் விரைவுபெற்றது. டச்சுக்காரரோ அதற்கு முன்னரே போய்விட்டனர். காயலில் முங்கிச் சேறெடுத்து வரம்பு கட்டியவரும், சக்கரம் மிதித்து நீர் இறைத்தவரும் இந்நாட்டு உழைப்பாளிகளே.

இதை ஏன் அழுத்திச் சொல்லுகிறேன் எனின், குளிர்நாட்டார் உழைப்பாளிகள், வெயில்நாட்டார் சோம்பர் என்ற ஒரு கொள்கை ஐரோப்பாவில் எழுந்து நம்மவர் வாயிலும் வந்துவிட்டது. பிரெஞ்சு அறிஞர் மான்டெஸ்கியூ 1748இல் வெளியிட்ட நூலில் இதற்குப் பெரிய விளக்கமே தந்தார். நம் பிள்ளைகள் பள்ளியில் இதைப் படித்துவிட்டு வந்து நம்மைப் பார்க்கும் பார்வை நன்றாக இல்லை. நான் கேட்பது ஒன்றே. 1500இல் உலகைச் சுற்றிய போர்ச்சுக்கல் 1660இல் ஏன் ஒடுங்கியது? அந்நாட்டு வெயில் மாறிவிட்டதா? ஒல்லாந்தின் மழை 1400இலும் 1600இலும் ஒன்றுபோலத்தானே பெய்தது? மாறியது அரசும் முதலும் வாணிக ஏற்பாடும். நிலம் ஒரு மக்களுக்குத் தேவையைக் கொடுக்கிறது, உப்பையோ மீனையோ கொடுக்கிறது, கடலைக் காட்டுகிறது. அதற்கு மேல் அவர்கள் செய்வது அவர்கள் செயல். அச்செயலில் பீரங்கியும் கொள்ளையும் கலந்திருந்தன என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

ஆனால் வானிலை ஒரே அடியில் ஓர் அரசை மாற்றிய நிகழ்ச்சியும் உண்டு. கொச்சியின் கொடியும் அதனால் மாறியது. 1672இல் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி படையெடுத்தபோது, ஒல்லாந்தர் தம் மதகுகளைத் திறந்து வயல்களை வெள்ளக்காடாக்கி அவனைத் தடுத்தனர். நீர் அவர்களுக்கு மதிலாயிற்று. 1794ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுப் புரட்சிப்படை வந்தபோதும் அதே உபாயத்தை நம்பினர். அவ்வாண்டுக் குளிரோ மிகக் கொடியது. ஆறுகள் கல்லைப்போல் உறைந்தன. மதிலாக நின்ற நீர் பாலமாக மாறிற்று. பிரெஞ்சுப்படை பனிக்கட்டியின்மேல் நடந்தே நாட்டுக்குள் புகுந்தது. 1795 ஜனவரியில் ஒல்லாந்தின் தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பியோடினார். அங்குக் கியூ என்னுமிடத்திலிருந்து, கடல்கடந்த டச்சுத் தளங்களைப் பிரெஞ்சுக்காரர் கைப்படாதபடி ஆங்கிலேயரிடம் ஒப்படைக்குமாறு கடிதங்கள் எழுதினார். கொச்சியிலிருந்த டச்சு அதிகாரிகள் உடனே இணங்கவில்லை. ஆங்கிலப்படை முற்றுகையிட்டபின் 1795 அக்டோபரில் கோட்டை பணிந்தது. ரைன் ஆற்றில் பனி உறைந்த அதே ஆண்டில், பனியையே காணாத கொச்சியில் 132 ஆண்டு பறந்த கொடி இறங்கியது.

போனவர்கள் விட்டுச்சென்ற சொற்கள் இன்னும் நம் நாவில் உள்ளன. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, ஏலம், மேஸ்திரி ஆகியவை போர்ச்சுக்கீசியருடையவை. டச்சுக்காரர் தந்தவை சிலவே. அவற்றுள் ‘துட்டு’ ஒன்று! கோட்டைக் கொச்சியில் வெளி மைதானத்துப் பக்கம் தலைமுறைகளாகச் சலவைத் தொழில் செய்துவரும் தமிழ்க் குடும்பங்கள், டச்சுச் சிப்பாய்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தம் முன்னோர் அழைத்து வரப்பட்டதாகச் சொல்லுவர். அவர்களுக்கு இந்த மழையோடு நமக்குள்ளதைவிட நீண்ட வழக்கு உண்டு.

இரு நாடுகளின் அச்சமும் இன்றுவரை வெவ்வேறாகவே இருக்கிறது. போர்ச்சுக்கல் அஞ்சுவது தீயை. 2017 ஜூன் மாதத்து வறட்சியில் பெத்ரோகாவ் கிராண்டே என்னும் பகுதியில் மூண்ட காட்டுத்தீயில் 66 பேர் மாண்டனர். ஒல்லாந்து அஞ்சுவது நீரை. 1953 பிப்ரவரி முதல் நாள் கடல் கரையை உடைத்துப் புகுந்து அங்கு 1,836 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன்பின் அவர்கள் மாபெரும் கடல்தடுப்புகளைக் கட்டினர்; பிற்காலத்தில் கரையை மேலும் மேலும் உயர்த்துவதை விட்டு, ஆறு விரிந்து ஓடுவதற்கு இடம் ஒதுக்கும் ஏற்பாட்டையும் மேற்கொண்டனர். 2018 ஆகஸ்டில் பெரியாறு பெருகி ஆலுவாவும் பறவூரும் மூழ்கியதை நாம் கண்ணால் கண்டோம். மறு ஆண்டு மே மாதம் கேரள முதலமைச்சர் ஒல்லாந்து சென்று அந்த ஏற்பாட்டைப் பார்வையிட்டு வந்தார். குட்டநாட்டுக்கு அம்முறையை எவ்வாறு பொருத்துவது என்ற பேச்சும் எழுந்தது. பொருத்துவோர் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அங்குப் பன்னிரண்டு மாதத்தில் பெய்வது 850 மில்லிமீட்டர். இங்குப் பெய்வது ஏறத்தாழ 3,000. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஜூன் முதல் செப்டம்பர்வரை நான்கே மாதத்தில் இறங்கிவிடுகிறது.